பெரியோர் வாழ்க்கை நிகழ்ச்சிகளை மனத்தில் நிற்கும்படி சொல்வது எப்படி?

காந்தியடிகள் ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஜைல்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பைப் பார்வையிட வந்தார். ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சொல்லி எழுதச் சொன்னார். அவற்றுள் ஒன்று ‘கெட்டில்’. அந்தச் சொல்லில் சிறுவன் மோகன்தாஸ் எழுத்துப் பிழை செய்திருப்பதைக் கண்ட ஆசிரியர், பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி தம் பூட்ஸின் நுனியால் குறிப்புக் காட்டினார். பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல் தடுப்பதற்காகவே ஆசிரியர் அங்கே நிற்கிறார் என்று நம்பியிருந்த சிறுவனுக்கு அந்தக் குறிப்பு விளங்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதியிருக்க, அவர் ஒருவர் மட்டுமே பிழை செய்தவராக நின்றார்.

இந்த நிகழ்ச்சியைக் காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மையைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதப்பட்டவை மறந்துபோன பிறகும், ஒரு பூட்ஸ் நுனியும் பிழையாக எழுதிய ஒரு சொல்லும் நினைவில் தங்கிவிடுகின்றன. மேடையில் பேசுகிறவர்களும், பாடம் நடத்துகிறவர்களும், கட்டுரையும் வாழ்க்கை வரலாறும் எழுதுகிறவர்களும் இத்தகைய நிகழ்ச்சிகளையே தேடி அலைகிறார்கள். அவற்றை எங்கே தேடுவது, எப்படிச் சோதிப்பது, எந்த வரிசையில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. நிகழ்ச்சிக்கு மெருகேற்றுவதைவிட, அதன் முதல் வடிவத்தைத் தேடி எடுப்பதே அதை மறக்க முடியாததாக ஆக்கும் நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

எங்கே தேடுவது

‘பெரியோர் வாழ்வில் சுவையான நிகழ்ச்சிகள்’ என்ற வகைத் தொகுப்புகளில் தொடங்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் நிகழ்ச்சியின் சக்கை மட்டுமே இருக்கும். யார் பார்த்தார், யார் எழுதினார் என்ற விவரம் இருக்காது. சம்பந்தப்பட்டவர் தாமே எழுதிய சுயசரிதை, கடிதங்கள், நாட்குறிப்பு, உடன் பணியாற்றியவர்களின் நினைவுக் குறிப்புகள், இறந்தவுடன் நண்பர்கள் எழுதிய இரங்கல் கட்டுரைகள் ஆகியவற்றிலேயே உயிருள்ள நிகழ்ச்சிகள் கிடைக்கும். இவற்றைப் படிக்கும்போது சாதனைகள் விவரிக்கப்படும் பக்கங்களைவிட, ஒருவர் தடுமாறிய இடங்கள், வெட்கப்பட்ட இடங்கள், மனம் மாறிய இடங்கள் ஆகியவற்றில் நின்று படிக்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கும் ஒரு சந்திப்பு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் போய்ப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 25. கல்லூரியில் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தப் பெயரைச் சொன்னாலே எவரும் வியந்து மதிப்பார்கள், முதலியார் வியக்கவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலையே ஒப்பித்தார். பட்டியல் நீள நீள, கேட்டவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று மட்டும் கேட்டார். இவர் அந்த நூலைக் கண்ணால் கண்டதும் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய உழைப்பு 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது; மற்றப் பழந்தமிழ் நூல்களும் அதன்பின் ஒவ்வொன்றாக அச்சேறின.

‘தமிழ்த் தாத்தா சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்’ என்ற ஒற்றை வரி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அது செய்தி. நீண்ட பட்டியல் ஒப்பிக்கப்படுவதும், எதிரே இருப்பவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பதும்தான் நிகழ்ச்சி. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதும்போதும் அந்த அறிஞருக்குத் தேதி முதற்கொண்டு நினைவிருந்தது என்பதிலிருந்தே, அது அவர் மனத்தில் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பது தெரிகிறது. ஒருவர் தமக்கு நேர்ந்த சிறுமையைத் தாமே எழுதி வைத்திருக்கும் இடம் எங்கே இருந்தாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பொய்க்கு இடம் குறைவு, உணர்ச்சிக்கு இடம் மிகுதி.

எப்படிச் சோதிப்பது

கிடைத்த நிகழ்ச்சியை உடனே மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டுமே என்று பிரான்ஸ் நாட்டு அரசி மரீ அன்த்துவானெத் சொன்னதாகச் சொல்லாதவர் குறைவு. அந்தப் பேச்சைத் தத்துவ அறிஞர் ரூசோ தம் சுயசரிதையில், பெயர் சொல்லாமல், ‘ஒரு பெரிய இளவரசி’ சொன்னதாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி எழுதப்பட்டது 1760-களில்; மரீ அன்த்துவானெத் பிறந்ததோ 1755-இல், ஆஸ்திரியாவில்; பிரான்ஸுக்கு மணமகளாக வந்ததோ 1770-இல். இரண்டு ஆண்டுக் கணக்குகளை அருகருகே வைத்தாலே, இந்தக் கதையை அவர் பெயரில் சொல்வதற்கு ஆதாரமில்லை என்பது விளங்கிவிடும்.

அடுத்து, எழுதியவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, என்னால் பொய் சொல்ல முடியாது என்று தந்தையிடம் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் கதை, அவர் 1799-இல் இறந்த பிறகு, மேசன் வீம்ஸ் என்பவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் முதன்முதலாக வருகிறது. வாய்மையைப் போதிக்கும் ஒரு கதைக்கே ஆதாரம் இல்லாமல் இருப்பது வருந்தத்தக்கது. அதைக் குழந்தைகளுக்கு வரலாறாகச் சொல்லிக்கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

மூன்றாவதாக, அதே கதை வேறு யாருடைய பெயரிலாவது சொல்லப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இனிப்பை விடாத பிள்ளையைத் தாய் ஒருத்தி ஒரு மகானிடம் அழைத்து வருகிறாள். சில நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பும் அவர், தாம் முதலில் இனிப்பை விட்ட பிறகே பிள்ளைக்கு அறிவுரை சொல்கிறார். இது காந்தியடிகள் பெயரிலும் இராமகிருஷ்ணர் பெயரிலும் ஒரே மாதிரியாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் என் கணவராயிருந்தால் காப்பியில் விஷம் வைத்திருப்பேன் என்று ஒரு பெண்மணி சொல்ல, நான் உங்கள் கணவனாயிருந்தால் அதைக் குடித்திருப்பேன் என்று சர்ச்சில் பதிலளித்ததாகச் சொல்லும் துணுக்கும் இப்படித்தான்; பெயரில்லாத யாரோ இருவர் பேசிக்கொண்டதாக அது 1899-லேயே செய்தித்தாளில் வந்துவிட்டது. ஊர் ஊராக நடந்துவரும் கதைகள் கடைசியில் புகழ்பெற்ற ஒரு பெயரில் வந்து தங்கிவிடுகின்றன. ஒருவருடைய பெயரை எடுத்துவிட்டு இன்னொருவருடைய பெயரை வைத்தாலும் கதை அப்படியே பொருந்துமானால், அது யாருடைய வாழ்க்கை நிகழ்ச்சியும் அல்ல என்று ஐயப்படுவதே முறை.

நமக்கு ஆறுதல் தருகிறது என்பதற்காகவே உயிர்வாழும் கதைகளிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றவர் என்று மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தேற்றுகிறோம். 1935-இல் இந்தச் செய்தியை அவரிடமே காட்டியபோது அவர் மறுத்தார். பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதத்தைத் தேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நடந்தது வேறு. 1895-இல், வழக்கமான வயதைவிட இரண்டு ஆண்டு முன்னதாகவே, சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதினார். கணிதத்திலும் இயற்பியலிலும் சிறந்து விளங்கினார்; மற்றப் பாடங்களில் போதிய மதிப்பெண் பெறாததால் இடம் கிடைக்கவில்லை. ஆராவ் என்ற ஊரில் ஓர் ஆண்டு பள்ளியில் படித்துவிட்டு, மறு ஆண்டு சேர்ந்தார். ஒரு பிள்ளையைத் தேற்றுவதற்கு இந்த உண்மை நிகழ்ச்சி போதாதா? மிகப் பெரிய அறிவாளிக்கும் ஒரு வாசல் ஒருமுறை அடைபட்டது, அவர் சுற்றிவந்து அதே வாசலில் நுழைந்தார் என்பதில் தோல்வியும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

முதல் வடிவத்தில் என்ன கிடைக்கிறது

இராமானுஜனும் 1729 என்ற எண்ணும் இடம்பெறும் நிகழ்ச்சியைத் தமிழர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். லண்டனில் பட்னியில் நோயுற்றுப் படுத்திருந்த இராமானுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729, அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது, தீய சகுனமாக இருக்காது என்று நம்புவதாகச் சொன்னார். அப்படியில்லை, அது மிகச் சுவையான எண், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார் இராமானுஜன். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. பெரும்பாலானவர்கள் இங்கே கைதட்டலுக்காக நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இராமானுஜன் மறைந்தபின் ஹார்டி எழுதிய இரங்கல் கட்டுரையில் நிகழ்ச்சி இங்கே முடியவில்லை. அப்படியானால் நான்காம் அடுக்குக்கு இதே கேள்வியின் விடை தெரியுமா என்று ஹார்டி திருப்பிக் கேட்கிறார். சற்று யோசித்த இராமானுஜன், எளிதில் தெரியும்படி எதுவும் தோன்றவில்லை, அப்படி ஓர் எண் இருந்தால் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும் என்கிறார். அந்த எண் 635318657. 59, 158 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும், 133, 134 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும் அது வரும். படுக்கையில் கிடந்தபடி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதைச் சரியாக உணர்ந்த அந்த ஒரு கணத்தை நான் முதல் பகுதியைவிட உயர்வாக மதிக்கிறேன். 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்து 12-இன் கனத்தைவிட ஒன்று கூடுதலாக வரும் என்ற உறவு அவருடைய கையெழுத்துத் தாள்களிலும் காணப்படுகிறது. ஆகவே, மந்திரம்போல் அந்த நொடியில் உதித்த விடையாக இதைச் சொல்ல வேண்டியதில்லை; அந்த எண்களோடு அவருக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. கடவுள் அருளிய அற்புதமாகச் சொல்லும்போது கேட்பவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். எண்களோடு வாழ்ந்த ஒரு மனிதராகக் காட்டும்போது நெருங்கி வருவார்.

ஜெர்மானியக் கணித மேதை காஸின் சிறுவயது நிகழ்ச்சியும் இதே வகை. ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொன்னார்கள், நொடியில் 5050 என்று சொல்லிவிட்டார் என்று அதைச் சுருக்கிவிட்டோம். காஸ் 1855-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய நண்பர் சார்டோரியஸ் எழுதிய நினைவு நூலில் ஒன்று முதல் நூறு வரை என்ற எண்களே இல்லை. அவை பின்னால் சொன்னவர்கள் சேர்த்தவை. அந்நூலில் இருப்பது ஒரு வகுப்பறை. பியூட்னர் என்ற ஆசிரியர் கையில் சாட்டையோடு நடந்துகொண்டிருக்கிறார். கணக்கை முதலில் முடித்தவன் தன் கற்பலகையை நடுமேசையில் வைக்க வேண்டும், அடுத்தவன் அதன்மேல் வைக்க வேண்டும் என்பது வழக்கம். கணக்கைச் சொல்லி முடிப்பதற்குள் சிறுவன் காஸ் பலகையை மேசையில் வைத்துவிட்டு, இதோ இருக்கிறது என்று ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறான். மற்றப் பிள்ளைகள் கூட்டிப் பெருக்கி வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள் அடுக்கப்படுகின்றன. கடைசியில் ஆசிரியர் அடுக்கைத் திருப்பிப் பார்க்கையில், காஸின் பலகையில் ஒரே ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதுவே சரியான விடை. பலகைகள் அடுக்கப்படும் அந்தக் காத்திருப்பே கதை. சுருக்கும்போது நாம் தூக்கி எறிந்தது அதைத்தான்.

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்ததாக அவருடைய நண்பர் ஸ்டுக்லி எழுதவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1726-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி, ஆப்பிள் மர நிழலில் இருவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முன்பு இப்படி ஓர் இடத்தில்தான் அந்த எண்ணம் தோன்றியது என்று எண்பது வயதைத் தாண்டிய நியூட்டன் சொன்னார். ஆப்பிள் ஏன் பக்கவாட்டில் போகாமல், மேலே போகாமல், எப்போதும் நேர்கீழாகவே விழுகிறது என்பதே அவர் கேள்வி. தலையில் விழுவது சிரிப்புக்கு உதவும். கேள்வி எழுந்த விதம் அதில் மறைந்துவிடும்.

எந்த வரிசையில் சொல்வது

சோதித்துத் தேர்ந்த நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கும்போது, ‘ஒரு சுவையான சம்பவம் சொல்கிறேன்’ என்ற முன்னுரையை விட்டுவிட வேண்டும். இடம், காலம், இக்கட்டு ஆகிய மூன்றையும் இரண்டு வாக்கியங்களில் வைத்துவிட்டு நேராக உள்ளே போய்விட வேண்டும். அப்துல் கலாம் தம் உரைகளில் பலமுறை சொல்லிய ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பல ஆண்டு உழைப்பு கடலுக்குள் போயிருந்தது. வெளியே பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் கலாமை அழைத்துக்கொண்டு போய், தாமே அவர்கள் முன் பேசினார். தோல்விக்குத் தாம் பொறுப்பேற்று, தம் குழுவினர்மீது நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெல்வார்கள் என்றார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. மறுபடியும் பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இன்றைக்கு நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமிடம் சொன்னார் தவான்.

இங்கேயே நிறுத்திவிட வேண்டும். ‘இதுவல்லவா தலைமைப் பண்பு’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தீர்களானால், கேட்பவர் தாமே கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கையிலிருந்து பிடுங்கியதாக ஆகும். இந்த நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனியுங்கள்: ஒரே காட்சி இரண்டு முறை வருகிறது, நடுவில் ஓர் ஆண்டு இடைவெளி, இரண்டாம் முறை நிற்பவர் மட்டும் மாறுகிறார். அதனால்தான் தேதிகள் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேதிகளுக்கு வேலை இல்லாத நிகழ்ச்சியில் ஆண்டை மட்டும் சொன்னால் போதும். ராக்கெட்டின் நீளம், எடை, எரிபொருள் ஆகியவற்றுக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. அவை உண்மையாயினும் விட்டுவிட வேண்டியவையே.

பேச்சு மேற்கோளாக வருமிடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். மூலத்தில் உள்ள சொற்கள் கையில் இருந்தால் மட்டுமே மேற்கோள் குறி இட வேண்டும். இல்லையென்றால் கருத்தை நம் நடையில் சொல்ல வேண்டும். இறந்துபோன ஒருவருடைய வாயில் நாம் வசனம் எழுதி வைப்பது, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும், அவருக்குச் செய்யும் அநீதி. கேட்பவர்கள் நம்மை நம்பி அந்த வசனத்தைப் பத்துப் பேரிடம் சொல்வார்கள். ஆதாரம் கிடைக்காத, ஆனால் அழகான ஒரு கதையை விட முடியாவிட்டால், அதைக் கதையாகவே சொல்லிவிடலாம். ஒரு பெரியவரைப் பற்றி இப்படியொரு கதை வழங்குகிறது என்று தொடங்குவதால் அதன் அழகு குறைவதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, மேடையில் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் போதும். ஓர் உரையில் ஒன்றோ இரண்டோ சொல்லலாம். அடுக்கிக்கொண்டே போனால் எதுவும் தங்காது. சபைக்கு ஏற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். மாணவர்களிடம் கெட்டில் நிகழ்ச்சியைச் சொல்லலாம். ஆசிரியர்கள் நிறைந்த அவையில் அதையே சொல்வதானால், அந்த ஆசிரியரிடம் தமக்கிருந்த மரியாதை சிறிதும் குறையவில்லை என்று காந்தியடிகள் சேர்த்து எழுதியிருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவருடைய நோய், குடும்பத் துயரம், உடற்குறை ஆகியவற்றைச் சிரிப்புக்காக எடுக்கும் நிகழ்ச்சிகளை, உண்மையே ஆனாலும், நான் எடுக்கவே மாட்டேன்.

எப்படிக் குறித்துவைப்பது

ஒரு நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ, நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், ஆண்டு, இடம். அடுத்து, நேரில் கண்டவர் யார், அவர் அதை எழுதியது எப்போது, நீங்கள் படித்த நூலின் பெயர், பதிப்பு, பக்க எண். அதன்கீழ் மூலத்தில் உள்ள சொற்களை அப்படியே இரண்டு மூன்று வரி. உங்கள் நடையில் எழுதிய வடிவத்தைத் தனியே, வேறு மையிலோ வேறு பத்தியிலோ வையுங்கள். இரண்டும் கலந்துவிட்டால், சில ஆண்டுகளில் எது அவருடைய சொல், எது நம்முடைய சொல் என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

பாத்திரத்தின் பெயரைவிட நிகழ்ச்சியின் உள்ளீட்டைக்கொண்டு அகரவரிசை அமைத்தால் வேண்டும்போது எடுப்பது எளிது: ‘பழியைத் தாம் ஏற்றவர்’, ‘தெரியாது என்று சொன்னவர்’, ‘ஒரு கேள்வியால் திசை மாறியவர்’ என்பவைபோல. ஒவ்வொரு முறை சொன்ன பிறகும், எங்கே, எந்த அவையில் சொன்னோம் என்பதை ஓரத்தில் எழுதிவையுங்கள். யாராவது எழுந்து, நான் இதை வேறு மாதிரிப் படித்திருக்கிறேனே என்று சொன்னால், அவர் படித்த நூலின் பெயரைக் கேட்டு அதே பக்கத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை சொல்வதற்கு முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.